தடுப்புக்கு அந்தப் பக்கம்

கரும்பலகையில் சாய்தளம் வரைய அவர் ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவார். கோட்டின் மேல் ஒரு பெட்டி. எடைக்கு ஓர் அம்பு, தளம் தாங்குவதற்கு ஓர் அம்பு, உராய்வுக்கு ஓர் அம்பு. பிறகு விசைகளைப் பிரித்து, கூட்டி, கழித்து, முடுக்கம் கண்டுபிடித்து, அதிலிருந்து வேகத்துக்கு வந்து சேர்வதற்குள் பலகை நிறைந்துவிடும். "படத்தப் போட்டாலே பாதிக் கணக்கு முடிஞ்ச மாதிரி" என்பார். மீதிப் பாதிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல் சார்.

டியூஷன் சென்டரில் இது அவருக்குப் பத்தொன்பதாவது வருடம். அலகு எழுதாத விடையைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். "அஞ்சுன்னா என்ன அஞ்சு? அஞ்சு மீட்டரா, அஞ்சு செருப்பா?" இத்தனை வருடத்தில் பலகையில் ஒரு தப்புகூடப் போட்டதில்லை என்பதை அவராகவே வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்வதில்லை.

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், போன வருடம் சேர்ந்த டீச்சர் அதே கணக்கை மூன்று வரியில் முடிப்பாள். மேலே இருந்த ஆற்றல் இவ்வளவு, வழியில் உராய்வு தின்றது இவ்வளவு, மிச்சம்தான் வேகம். மிச்ச நேரத்துக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாற்பது பேர் உட்கார்ந்த அவருடைய வகுப்பில் இப்போது ஏழு பேர். அடுத்த டேர்முக்கு இயற்பியலுக்கு ஒரே ஆள் போதும், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் யார் வகுப்புக்கு அதிகம் பெயர் கொடுக்கிறார்களோ அவரே இருக்கட்டும் என்று சென்டர்க்காரர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து, அவள் கிளம்பியதும் அந்த அறைக்குள் போய்ப் பலகையில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பாக்கெட்டில் சிவப்புப் பேனா வேறு. "அவ எழுதினத இவ்ளோ அக்கறையா படிக்கிறீங்களே, பரிட்சை அவளுக்கா உங்களுக்கா?" என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டாள். அவர் செருப்பைத் தேடினார்.

புதன்கிழமை ஒரு தப்பு மாட்டியது. ஐந்து மீட்டர் நீளச் சரிவு, மூன்று மீட்டர் உயரம். பெட்டி உராய்ந்து வந்தது ஐந்து மீட்டர். அவள் உராய்வு விசையை மூன்றால் பெருக்கியிருந்தாள். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. இந்தப் பலகையை நாற்பது பேர் காப்பி எடுத்திருக்கிறார்கள். நாளைக்குச் சென்டர்க்காரரைக் கூட்டி வந்து காட்டினால் போதும். வீட்டுக்கு நடந்து போகும்போது முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

மறுநாள் சென்டர்க்காரர் வருவதற்கு முன்பே வகுப்பு தொடங்கிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "நேத்து நான் போட்ட கணக்கு தப்பு. ராத்திரி படுத்தப்புறம்தான் தோணுச்சு. யாராவது கண்டுபிடிச்சீங்களா?"

ஒரு பெண் குரல், "உயரத்த வெச்சுப் பெருக்கிட்டீங்க மிஸ். நீளத்த வெச்சுப் பெருக்கணும்." உடனே அறை முழுக்கக் கைத்தட்டல். டீச்சரும் சேர்ந்து தட்டினாள்.

இவர் சாக்பீஸோடு அப்படியே நின்றார். பத்தொன்பது வருடம் சரியாகப் போட்டதற்கு ஒரு கை தட்டியதில்லை. அவளுக்குத் தப்புக்கே இவ்வளவு. இது என்ன நியாயம்?

பிறகு ஸ்கேல் வைத்துச் சரிவை வரைந்தார், பெட்டியை வரைந்தார். பெட்டி கீழே சறுக்கினால் உராய்வு அதை மேலே இழுக்கும். அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். உராய்வுக்கான அம்பை வேண்டுமென்றே கீழ்நோக்கிப் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தார்.

ஏழு பேரும் தலை குனிந்து, ஸ்கேல் வைத்து, அந்த அம்பை அப்படியே வரைந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தாச்சு சார்."

பக்கத்து அறையில் இன்னும் சிரிப்பு ஓயவில்லை. அவர் பலகைப் பக்கம் திரும்பி, அம்பின் முனையைக் கட்டைவிரலால் அழித்தார்.