கஞ்சியில் வெந்த நொதிப்பொடி

நொதி, அதாவது என்சைம், என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்திருந்த நானேதான், அதைக் கஞ்சியோடு கொதிக்க வைத்துக் கொன்றவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் என் மனைவி பதினான்கு வான்கோழிக் குஞ்சுகளை ஆசையாக வளர்த்தாள். கோதுமைக் குருணைக் கஞ்சிதான் முக்கியத் தீனி. தின்றதெல்லாம் பசைபோல வெளியேறிப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. குஞ்சுகள் இளைத்தன, நான்கு செத்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டர் நொதிப்பொடி கொடுத்து, "கோதுமையைச் செரிக்க வைக்கும், தீனியில கலந்து குடுங்க" என்றார். குடிதண்ணீரையே காய்ச்சிக் குடிக்கிற நான் பொடியைச் சும்மா விடுவேனா? கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது கொட்டினேன். ஒரே வாரத்தில் இன்னும் இரண்டு போயின. மனைவி கூண்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

பொடி போலி என்று சண்டை போடப் போனேன். நான் கலந்த விதத்தைக் கேட்ட டாக்டர் சிரிக்கக்கூட இல்லை.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்துனா தயிராகுமா சார்?"

அதன் பிறகு, விரல் வைத்தால் சுடாத அளவுக்குக் கஞ்சி ஆறிய பிறகே கலந்தேன். சில நாளில் எச்சம் கெட்டிப்பட்டது. மூன்றாம் வாரம் ஒரு குஞ்சைத் தூக்கினேன், கனத்தில் கை தாழ்ந்தது! அதே கோதுமை, அதே குஞ்சு. ஒரு சிட்டிகைப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய், கோதுமை பூட்டி வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டிருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது.

இப்போது எந்தப் பொடி வாங்கினாலும், சூடு தாங்குமா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

குஞ்சு கனத்த அன்றே இந்த அதிசயத்தை மனைவிக்கு அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அம்புட்டும் சரி. நீங்க படிச்சது செரிக்க ஏதும் பொடி இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டியளா?"