மகன் தோற்க வேண்டிக்கொண்ட பருவம்

ஒக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு கோயிலில் நின்று, என் மகன் தோற்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவனுடையதைத்தான் சொன்னேன். அவர் அவனுக்கு நன்மை வேண்டி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடி, இனி வாற சனிக்கிழமைகளில் அவனுடைய அணி ஒன்றிலும் வெல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. ஜெர்மனியில், எசனில் பிறந்து வளர்ந்தவன். சின்னனில் எங்கள் தமிழ்ப் பெடியங்களோடு உதைபந்து விளையாடினான். பதினாறு வயதில் அவன் இடது காலால் உதைப்பதைக் கண்ட ஒரு ஜெர்மன் பயிற்சியாளர் அமெரிக்கன் ஃபுட்போலுக்குக் கூட்டிப்போனார். முட்டை மாதிரிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. அதில் காலால் உதைக்கிற வேலை ஒருவனுக்குத்தான். அவன் நிலத்தில் வைத்த பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அனுப்பினால் மூன்று புள்ளி. என் மகன் அந்த ஒருவன். அவன் உதைப்பதை வீடியோ எடுத்து அனுப்பி, அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் எடுத்தான். முதல் இரண்டு வருடமும் ஆட இடம் கிடைக்காமல் வாங்கில் குந்தியிருந்தான். மூன்றாவது வருடம்தான் அணியின் முதல் உதைகாரன் ஆனான்.

அதே ஓகஸ்ட் மாதம், அவன் விடுமுறை முடிந்து திரும்பிப் போய் ஒன்பதாவது நாள், மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

அவள் சிறுவர் பள்ளி ஒன்றின் சமையலறையில் வேலை செய்தவள். முதுகு நோகுது, சாப்பாடு செமிக்குதில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். டொக்டர் கதைத்து முடிந்து வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது அவள் அழவில்லை.

"அவனுக்குச் சொல்லாதேங்கோ," என்றாள்.

"எப்பிடிச் சொல்லாமல் விடுறது?"

"சொன்னா அடுத்த பிளேனிலை வந்து நிப்பான். ரெண்டு வருசம் காத்திருந்து கிடைச்ச இடம். சீசன் முடியட்டும். பிறகு சொல்லுவம்."

சீசன் என்றால் நவம்பர் கடைசி வரை பன்னிரண்டு ஆட்டம். மூன்று மாதம்தானே என்று நானும் ஓமென்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

ஆட்ட அட்டவணையை அவள் அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரே வென்றால் 'வெ', தோற்றால் 'தோ' என்று எழுதுவாள். அங்கே மத்தியானம் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு வரும். அவள் சோபாவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருப்பாள். நான் மடிக்கணினியைக் கதிரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி அடிவாங்கினார்கள். பிறகுதான் கொன்பரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கின. கொன்பரன்ஸ் என்பது தங்களுக்குள் மோதிக்கொள்ளும் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் கூட்டு. அதில் முதல் இரண்டு இடத்துக்கு வருகிற அணிகள் டிசம்பர் முதற் சனிக்கிழமை இறுதி ஆட்டம் ஆடும். ஆறு ஆட்டமாவது வென்ற அணிகளை அதற்குப் பிறகும் கிண்ண ஆட்டம் ஒன்றுக்குக் கூப்பிடுவார்கள். இதை நான் விளங்கப்படுத்தியபோது அவள் சிரித்தாள்.

"என்ன கிண்ணம்? கஞ்சிக் கிண்ணமோ?"

அந்த நாட்களில் அவள் குடித்தது கஞ்சி மட்டும்தான்.

கொன்பரன்ஸில் அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று 'வெ' ஏறிக்கொண்டு போனது. அவன் உதைத்த பந்து கம்பத்துக்கு நடுவால் போகும்போது அவள் கையை மெதுவாக ஒரு தரம் தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீடியோவில் வருவான். அவள் அதற்கு முதலே எழும்பி, முகம் கழுவி, பொட்டு வைத்து, மருந்தால் தலைமுடி கொட்டிய பிறகு கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு இருப்பாள். வீட்டுக்குள் ஏன் தொப்பி என்று ஒருநாள் கேட்டான். "ஹீற்றர் வேலை செய்யேல்லை, குளிருது," என்றாள். மெலிந்துவிட்டீர்கள் என்றான். "இனிப்பை விட்டிட்டன்," என்றாள். அவன் நம்பினான். அவனுடைய தலை முழுக்க அடுத்த சனிக்கிழமைதான் இருந்தது. இருபத்தொரு வயதில் அப்படித்தானே இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து பிடிக்கவில்லை என்றார். டிசம்பரில் நத்தார் வரைக்கும் இருப்பாள் என்று தன்னால் உறுதி சொல்ல ஏலாது என்றார். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றேன். அவர்கள் இனித் தோற்றால் நவம்பர் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும், அவன் வந்துவிடுவான். வென்றால் இறுதி ஆட்டம், அதற்குப் பிறகு கிண்ணம், நத்தாரும் தாண்டிப் போய்விடும். அந்தக் கிழமை வெள்ளிதான் கோயிலுக்குப் போனேன்.

சொல்லியிருக்கலாம் என்று வாசிக்கிறவர்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இரண்டு தரம் நம்பரை அழுத்திவிட்டு வைத்தேன். அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். அதோடு, சனிக்கிழமை ஆறு மணிக்கு மட்டும்தான் அவள் முகத்தில் வலி தெரியாமல் இருந்தது. அதை எடுத்துவிட எனக்குத் துணிவு வரவில்லை.

முருகன் கேட்கவில்லை. நவம்பரில் நாலு ஆட்டமும் வென்று இறுதிக்குப் போனார்கள்.

அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இறுதி ஆட்டத்தன்று, ஆறு மணிக்கு ஆட்டம் என்று தாதியிடம் சொல்லி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். கடைசி நிமிடத்தில் எங்கள் அணி இரண்டு புள்ளி பின்னால் நின்றது. பந்து கம்பங்களிலிருந்து தூரத்தில் இருந்தது. அவனைக் கூப்பிட்டார்கள். அவன் ஓடி வந்து, குனிந்து புல்லைக் கையால் அமர்த்தி, இரண்டு அடி பின்னால் போய் நின்றான். மனைவி என் விரலைப் பிடித்தாள். பிடிக்கிற பலம் அவளுக்கு இல்லை, வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்து உயரப் போய், வலது கம்பத்துக்கு வெளியால் போனது.

முடிந்தது, இனி வருவான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முகத்தில் வந்திருக்க வேண்டும். திரும்பினால் அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சந்தோசமோ?"

நான் மடிக்கணினியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அவன் தோக்க வேணுமெண்டு இருந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். "கோயிலிலை போய்க் கேட்டனான்."

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். திரையில் மற்ற அணி துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் தனிய நின்றான்.

"ஒருத்தரும் கிட்டப் போகேல்லை, பாருங்கோ," என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம்தான் அவன் போனை எடுத்தான். வீடியோ வேண்டாம் என்றான், எங்களுக்கும் அது வசதியாகப் போனது. "என்னாலைதான் அம்மா. எல்லாரும் ஒண்டும் சொல்லாமல் இருக்கினம்," என்றான். அவள் அவனைத் தேற்றினாள். மூச்சு வாங்கினபோது போனைத் தள்ளிப் பிடித்தாள். ஒன்பது ஆட்டம் வென்றவர்கள் என்றபடியால் தங்களைக் கிண்ண ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் அவன் சொன்னான். நத்தாருக்குப் பிறகு.

போனை வைத்ததும் அவள் என்னிடம், "அதையும் விளையாடட்டும். அந்த உதையோட அவன்ரை வருசம் முடியக் கூடாது," என்றாள்.

"நீர் அது வரைக்கும்..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"இருப்பன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை, அவளை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோன நேரம், நடைபாதையில் நின்று அவனை அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. அம்மாவுக்கு வருத்தம் என்றேன். என்ன வருத்தம் என்றான். சொன்னேன்.

"எப்ப தொடக்கம்?" என்றான்.

"ஓகஸ்ட்."

புதன்கிழமை டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். ஒரு தோள்பை மட்டும்தான் கொண்டுவந்தான். ரயிலில் எனக்கு முன்னால் இருந்தான். அவனுடைய கண் வீங்கியிருந்தது.

"நான் உங்களிட்டைக் கேட்டனானே அப்பா, எனக்காண்டி மறையுங்கோ எண்டு?"

"அம்மாதான்..."

"அம்மா வருத்தக்காரி. நீங்கள் சுகமாத்தானே இருந்தனீங்கள். ஓகஸ்டிலை இருந்து பதினைஞ்சு கிழமை. எனக்கு அம்மாவோட பதினைஞ்சு கிழமை இருந்திருக்கும்."

நான் அவனுடைய தோள்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவனைக் கண்டதும் மனைவி முதலில் என்னைத்தான் பார்த்தாள். "சொல்லிப் போட்டியள்," என்றாள். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அவன் கட்டிலில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தபோது, அவனுடைய தலையை மணந்து பார்த்து, "அங்கை என்ன ஷாம்பு போடுறனி, ஒரு மணமும் இல்லை," என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் தேத்தண்ணி எடுக்கப் போகிறேன் என்று வெளியே வந்தேன்.

அவள் இன்னும் பதினொரு நாள் இருந்தாள். அந்த நாட்களில் அவன் ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. அந்தப் பருவத்து ஆட்டங்களை மடிக்கணினியில் திரும்பப் போட்டு, எந்த உதையில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, எதில் கால் வழுக்கியது என்று அவளுக்குச் சொன்னான். கிண்ண ஆட்டத்துக்குத் திரும்பிப் போ என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். மாட்டேன் என்றான். மூன்றாம் தரம் கேட்கிற சக்தி அவளுக்கு இருக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை, தாதி தலையணையை மாற்றும்போது, போய்விட்டாள்.

செத்தவீடு முடிந்து ஐந்தாவது நாள் கிண்ண ஆட்டம் வந்தது. பின்னேரம் அவன் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நானும் போய் இருந்தேன். அவனுடைய இடத்தில் முதலாம் வருட மாணவன் ஒருவன் உதைத்தான். மூன்று உதையும் நடுவால் போயின. எங்கள் அணி வென்றது. வீரர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நல்லா அடிக்கிறான்," என்றான் மகன். பிறகு கணினியை மூடினான்.

அப்போதுதான் கோயில் கதையை அவனுக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. இன்னொரு விஷயத்தையும் மறைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் இருக்க என்னால் ஏலாமல் இருந்தது. அவன் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பந்து நான் பிழையா உதைச்சதாலைதான் வெளியாலை போனது," என்றான். "உங்கடை வேண்டுதலாலை இல்லை. அதையும் நீங்கள் என்னட்டை இருந்து எடுக்காதேங்கோ."

எழும்பித் தன் அறைக்குப் போனான். அது மன்னிப்போ கோபமோ என்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரியில் திரும்பிப் போனான். அடுத்த பருவத்தில் முதல் உதைகாரன் இடம் கிண்ண ஆட்டத்தில் உதைத்த பெடியனுக்குப் போனது. இவனுக்கு ஆட்டம் தொடங்கிவைக்கும் உதை மட்டும் கொடுத்தார்கள். கொன்பரன்ஸில் எட்டாவது இடத்துக்கு வந்தார்கள். இறுதி ஆட்டமும் இல்லை, கிண்ணமும் இல்லை. எல்லா ஆட்டத்தையும் நான் தனிய இருந்து பார்த்தேன். வெல்ல வேண்டும் என்றும் தோற்க வேண்டும் என்றும் ஒன்றும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கதைப்பான். கனக்கக் கதைக்க மாட்டான். எடுத்தவுடன் கேட்பது, "உடம்பு எப்பிடி? உண்மையைச் சொல்லுங்கோ," என்பதுதான். நல்லா இருக்கிறேன் என்று நான் சொன்னால் அவனுக்குப் போதாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் சோதித்து, டொக்டர் தருகிற தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அவன் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, "சரி அப்பா," என்று எழுதுவான்.