வெள்ளை விழுந்த செம்பருத்தி

என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, செத்த அன்று நான் ஊருக்காக அழுதேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ராஜபாளையத்தில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டு இருந்தோம். கொல்லையும் கிணறும் மட்டும் பொது. அந்தப் பொதுக் கொல்லையில்தான் என் செம்பருத்தி நின்றது.

என் அண்ணன் மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை பார்த்தான். ஓர் ஐப்பசி மழையில், பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவன், ஈரச் சாக்கில் சுற்றி ஒரு குச்சியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். நட்டு, துளிர்த்து, இலை விரிந்ததும் நானே மிரண்டுபோனேன். பச்சையில் வெள்ளை தெறித்திருந்தது. ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஓடியது. ஓர் இலை மாதிரி இன்னோர் இலை இல்லை. பூ என்னவோ சின்னச் சிவப்புப் பூதான். நான் மயங்கியது இலைக்கு.

இந்தச் சாதியில் ஒரு வம்பு உண்டு. தூரிலிருந்து திடீரென்று வெறும் பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். அதற்கு வேகம் அதிகம். விட்டுவிட்டால் மற்றதை அமுக்கிவிட்டு, எல்லார் வீட்டுச் செம்பருத்தி மாதிரி ஆகிவிடும். ஆகவே பச்சையை அடியோடு வெட்டிவிட்டு, வெள்ளை விழுந்ததைத்தான் வளர்க்க வேண்டும். உச்சி வெயிலும் ஆகாது. நான் இதையெல்லாம் செய்வதை ஓரகத்தி கிணற்றடியில் நின்று பார்ப்பாள்.

“நல்ல கொப்பையெல்லாம் வெட்டிப்போட்டு சீக்கைப் போயி வளக்கியே, ஏட்டி, ஒனக்கு மண்டை கொழம்பிருச்சா?”

“இது சீக்கு இல்லக்கா. இதோட சாதியே இப்படித்தான்.”

சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவள் சுடுகஞ்சியைக் கொண்டுவந்து செடியின் தூரில் ஊற்றுவாள். கேட்டால் கை தவறிவிட்டது என்பாள். தினமுமா ஒருத்திக்குக் கை தவறும்?

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் தோலில் வெண்புள்ளி படர்ந்தாலும் ‘வெள்ளை விழுந்தது’ என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் கை நனைக்கவே யோசிப்பார்கள். பெண் எடுப்பது எங்கே?

என் மகளுக்குச் சுந்தரபாண்டியத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பருத்திக்காடும் கிணறும் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் நடையாய் நடந்து பிடித்த இடம். நாள் குறிக்கும் முன், மாப்பிள்ளையின் சித்தப்பா எங்களைப் பற்றி விசாரிக்க ஓரகத்தி வீட்டு வாசலில் ஏறினார். சுவருக்கு இந்தப் பக்கம் என் காதில் விழுந்தது.

“நல்ல குடும்பந்தான். என்ன, வெள்ளை விழுந்ததை மட்டும் வெயில் படாம பொத்திப் பொத்தி வளக்கா.”

செடியை நக்கல் பண்ணுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தப் பேச்சு என் மகள் மேல் போய் ஒட்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓரகத்திக்கு உறைத்திருக்கும். வெள்ளந்தியாகச் சொன்னாள் என்று வீட்டுக்காரர் சாகும்வரை சாதித்தார். அவர் நல்லவர். நல்லவர்களோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை இன்னொரு தரம் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். எதற்கென்று புரிந்துவிட்டது. ஆனாலும் நான் பயப்படவில்லை. செடியைக் காட்டினால் அந்த அம்மாளே சிரித்துவிடுவாள் என்று இருந்தேன்.

வந்தவளை நேரே கொல்லைக்கு அழைத்துப் போனேன். கல்யாணப் பேச்சு அலைச்சலில் நான் வெட்டாமல் விட்டிருந்த பச்சைக் கிளைகள் மட்டும் நின்றன. வேறு ஓர் இலை இல்லை. வீட்டுக்காரர் காதோரம் வந்து பெருமையாகச் சொன்னார்:

“சம்பந்தி வார நேரத்துல வெள்ளையா எதுவும் கண்ணுல படக்கூடாதுன்னு, காலையிலயே அம்புட்டையும் வெட்டி வெந்நீர் அடுப்புல வச்சுட்டேன்.”

இலை வெள்ளையாக இருந்தது, இன்று காலையில்தான் எரித்தோம் என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. கிணற்றடியில் ஓரகத்தி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க அன்னைக்குச் சொன்னது இந்தச் செடியத்தானே? அவியகிட்டச் சொல்லுங்க.”

வாளியைக் கீழே வைத்தாள். செடியை மேலும் கீழும் பார்த்தாள். “இதுல வெள்ளை எங்கட்டி இருக்கு?” என்றாள்.

“புள்ளைய வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்க. செத்த நேரம் பாத்துட்டுப் போறேன்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மகள் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கூப்பிடாமலே வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். கழுத்துச் சங்கிலியை விலக்கிக் காட்டினாள். அந்த அம்மாள் விரலில் எச்சில் தொட்டு அவள் முழங்கையில் தேய்த்துப் பார்த்தாள், மஞ்சள் பூசி மறைத்திருக்கிறோமாம். இடம் தட்டிப்போகக் கூடாதே என்று நான் தடுக்கவில்லை.

“கொறையில்ல. நாள் பாத்துரலாம்” என்றாள் கடைசியில்.

மகள் முந்தானையால் முழங்கையைத் துடைத்தாள். “ஒங்க மகனையும் ஒரு நா கூட்டிட்டு வாங்க அத்தை. இதே வெளிச்சத்துல நானும் பாக்கணும்” என்றாள்.

வீட்டுக்காரர் கையை ஓங்கிவிட்டார். அந்தக் கையை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். பிடியை விடாமல் மாப்பிள்ளையின் அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

“கூட்டிட்டு வாரியளா?” என்று கேட்டேன்.