அம்மா மைக்கைப் பிடித்த நாள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கட்டாரில் இருந்தார். வெள்ளவத்தை வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆகஸ்ட் விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அன்ரி யாழ்ப்பாணம் போய்விட்டதால், ஒருநாள் அம்மா என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று அங்கே ஏதோ விழாவாம்.

அந்த அலுவலகம் ஒரு பெரிய கிணற்றுக்குள் இருப்பதாக நான் நம்பியிருந்தேன். மத்தியானங்களில் அம்மா போனில் “சாப்பிட்டியா பிள்ளை?” என்று கேட்கும்போது அவர் குரல் எதிரொலிக்கும். சிலவேளை தண்ணீர் விழும் சத்தமும் கேட்கும்.

கொம்பனித்தெரு ஸ்டேஷனில் இறங்கியபோது பலகையில் ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘ஸ்லேவ் ஐலண்ட்’. அர்த்தம் கேட்டேன்.

“அடிமைத் தீவு. முந்தி ஆபிரிக்காவில இருந்து பிடிச்சுக் கொண்டுவந்த அடிமைகளை அடைச்சு வைச்ச இடம்,” என்றார் அம்மா, என் கையைப் பிடித்து வீதியைக் கடந்தபடி.

கிணறு இல்லை. மேகத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபம். கீழே பேரை வாவி ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. அடிமை முறை ஒழிந்ததை எல்லாக் கிளைகளும் நினைவுகூர வேண்டும் என்று லண்டன் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. வேலையில் எல்லா இனமும் சமம் என்று கிரீமால் எழுதிய கேக் ஒன்று நடுவில் இருந்தது. நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

புத்தளம் பக்கமிருந்து ஐந்தாறு பேர் பாட வந்திருந்தார்கள். அந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள். பெண்கள் கையில் தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, வெறும் போத்தல். சமையலறைச் சாமான்களோடு வந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்தேன். மெதுவாகத் தொடங்கினார்கள். பிறகு வேகம் ஏறியது. இன்னும் ஏறியது. நரைத்த தலைமுடிக்காரி ஒருவர் எழுந்து இடுப்பை அசைத்தார். கம்பளத்தின் கீழிருந்த தரையின் அதிர்வு என் கால்களுக்குள் அடித்தது. கேக்கை மறந்து வாயைத் திறந்தபடி நின்றேன். பாட்டின் சொற்கள் பாதி தங்களுக்கே விளங்காது என்று முடிவில் அந்தப் பெண் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். விளங்காத சொற்களை இத்தனை பேர் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பார்களா?

பெரிய மேலாளர் மைக்கை நீட்டி, யாராவது பேசலாம் என்றார். எல்லோரும் குனிந்து தங்கள் கால் சப்பாத்தைப் பார்த்தார்கள். அம்மா எழுந்தார்.

வாடகை வாங்க வரும் வீட்டுக்காரருடன்கூடச் சத்தமாகப் பேசாத அம்மா.

“என்ர மகளோட தமிழில கதைக்க நான் பாத்ரூமுக்குள்ள போறனான்,” என்றார். மைக் நடுங்கியது. “சிங்களத்தில கதைச்சா ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்ல. தமிழில கதைச்சா, இது ஒபிஸ் எண்டு சொல்லுவினம்.”

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையில் இருந்த, அம்மாவின் மேற்பார்வையாளர் மிஸ்ஸின் முகம் சிவந்தது. வேலை போய்விடும் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

நரைத்த தலைமுடிக்காரி, இவர் என்ன சொன்னார் என்று பக்கத்துப் பையனிடம் கேட்டார். அவன் சிங்களத்தில் சொன்னான். அவர் சிரட்டைகளை மேசையில் வைத்துவிட்டு நேரே வந்து அம்மாவின் மைக் பிடித்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“நாங்களும் முந்திக் கதவைச் சாத்திட்டுத்தான் பாடினோம், மகளே,” என்றார் சிங்களத்தில். அப்போதுதான் கைதட்டல் வந்தது.

அம்மாவின் வேலை போகவில்லை. தமிழில் கதைக்கக்கூடாது என்று ஒரு விதியே தங்களிடம் இல்லை என்று மேலாளர் அடுத்த நாள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாராம். இல்லாத விதி அன்றோடு ஒழிந்தது. ஆனால் அம்மாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அங்கே கடைசிவரை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு கம்பனியில்தான் கிடைத்தது.

இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று திரும்பும் ரயிலில், கடற்பக்க யன்னலோரம், எனக்கு இருந்தது ஒரே கேள்வி.

“பாடின ஆக்களுக்குக் கை நடுங்கேல்ல. உங்களுக்கு மட்டும் ஏன் நடுங்கினது?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அவை கனகாலமாப் பாடுற ஆக்கள். நான் இண்டைக்குத்தானே தொடங்கினனான்.”

அம்மாவும் பாட்டுப் பழகத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். எப்போது பாடுவார் என்று வெள்ளவத்தை வரும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.