பரண் மேல் எட்டு டின்கள்

உறையூர் வீட்டைக் காலி செய்ய அழகம்மாள் ஒப்புக்கொண்டுவிட்டாள். பரணைக் காலி செய்யத்தான் மனம் வரவில்லை.

பரணில் எட்டுத் தகர டின்கள் இருந்தன. ஐந்தில் அரிசி, மற்றவற்றில் துவரம்பருப்பும் உளுந்தும் புளியும். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் மகள் தேவதர்ஷினி வாங்கியிருந்த ஃபிளாட்டில் பரண் கிடையாது. சமையலறை அலமாரியில் அம்மாவுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தாள்.

“போன்ல சொன்னா பத்து நிமிஷத்துல அரிசி வாசலுக்கு வந்துடுதும்மா. எந்தப் பஞ்சத்துக்கு இவ்வளவு?”

“தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னா உன் போன்காரன் நீந்தியா வருவான்?”

அப்படித் தண்ணீர் நின்ற வருஷம் மகளுக்கு எட்டு வயது.

அது 2005, கார்த்திகை மாதம். பள்ளிக்கூடச் சத்துணவுச் சமையலில் தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிய கை அழகம்மாளுடையது. ஆனால் சொந்த வீட்டில் அந்தந்த வாரத்துக்கு வாங்கிப் பொங்குவதுதான் பழக்கம். விடிந்து பார்த்தால் அரிசிப் பானை கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. கணவர் பாலு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். மாடியில் குடியிருந்த டோரதி டீச்சர் வீட்டில் இருந்ததோ ஒரு கிண்ணம் ரவை. அதைக் கஞ்சியாக்கி ஆறு பேர் குடித்தார்கள்.

மறுநாள் காலை பரிசலில் அரிசிப் பைகளோடு நான்கு பேர் வந்தார்கள். “அண்ணே, வீட்ல அரிசி இருக்கா?” என்று ஒருவர் கத்தினார். மாடிப்படியில் நின்ற பாலு, “நிறைஞ்சிருக்குங்க!” என்றார். பரிசல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

பாலுவின் வீட்டு வழக்கம் அது. அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள், ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். இல்லை இல்லை என்றால் இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். பரிசல்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்?

டோரதி டீச்சருக்கும் தெரியவில்லை. “எங்கேண்ணா வெச்சிருக்கீங்க? நேத்தே சொல்லியிருக்கலாம்ல!” என்று முகம் மலர்ந்து கேட்டார்.

அழகம்மாளுக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. “ஏங்க, பரிசலைப் பாத்தாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?”

“பழகின வாய், அழகு. தானா வந்துடுச்சு,” என்று தலையைச் சொறிந்தார் பாலு. பரிசல் திரும்பி வர மாலையாயிற்று. அதுவரை எட்டு வயதுப் பெண் பசியில் சிணுங்கிக்கொண்டே இருந்ததை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

தண்ணீர் வடிந்த மாதமே முதல் டின் வந்தது. இனி யார் கேட்டாலும் தான் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது என்றார். லேத் பட்டறையிலிருந்து திரும்பும்போது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் வாங்கி வருவார். ஸ்டூல் மேல் ஏறி, வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடி, “நிறைஞ்சிருக்கு அழகு, நெசமாவே நிறைஞ்சிருக்கு” என்பார். ஊரடங்கின்போது அந்த டின்கள்தான் தெருவில் ஐந்து வீடுகளுக்குச் சோறு போட்டன. அன்று அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அழகம்மாள் கடையில் இரண்டிரண்டு கிலோவாக வாங்கிப் பொங்கினாள். பரணைத் தொடவில்லை. அவர் தூக்கி வைத்ததைத் தீர்த்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை தேவதர்ஷினியே ஸ்டூல் மேல் ஏறினாள். ஒவ்வொரு டின்னாக இறங்கியது. பருப்பு டின்னைத் திறந்ததும் மாவாக உதிர்ந்து புகைபோல எழுந்தது. உளுந்தும் அப்படித்தான். அரிசியில் வண்டு ஊர்ந்தது. மகள் மூடிகளை எடுத்து மெல்ல ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தாலாவது அழகம்மாளுக்குத் தேவலாம் போலிருந்தது.

பழைய மூட்டையை முதலில் எடு, புதிதைப் பின்னால் தள்ளு என்று சத்துணவுக் கூடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! அந்த மனுஷன் பசிக்காக வாங்கி வைத்ததை வண்டுக்குப் போட்டுவிட்டாளே!

“மொறத்தை எடு தேவி,” என்றாள்.

பருப்பும் உளுந்தும் குப்பைக்குப் போயின. அரிசியைப் புடைத்து, சலித்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார்கள். மூன்றாம் நாள் உலை வைத்தாள். பழைய அரிசி அல்லவா, சோறு பானை கொள்ளாமல் பொங்கி, உதிரி உதிரியாக வந்தது. மேலே புளிக்குழம்பு. முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினாள். பிறகு சாப்பிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் போடும்மா,” என்று தட்டை நீட்டினாள் மகள். “நல்லாருக்கு. பேசாம ஒரு டின் எடுத்துட்டு வாயேன்.”

“ரெண்டு. ஒண்ணு பொங்கித் தீரத் தீர இன்னொண்ணு நிரம்பணும். ஒரு மாசத்துக்கு மேல வெச்சுக்க மாட்டேன்.”

“எங்க வெப்பே?”

“என் கட்டிலுக்கு அடியில. உனக்கென்ன போச்சு?”

மீதி அரிசியைப் பைகளில் கட்டித் தெருவில் கொடுத்தாள். கடைசிப் பையை மாடிக்குத் தூக்கிப் போனாள். டோரதி டீச்சர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அண்ணன் ஞாபகமா வெச்சுக்கறேன்க்கா,” என்றார்.

“அய்யோ, வெச்சுடாதீங்க டீச்சர்,” என்று பதறினாள் அழகம்மாள். “நாளைக்கே ஒலையில போட்டுடுங்க.”