காசிக்குப் புறப்பட்ட குதிரை

கஸ்தூரிரங்கன் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியேறும் வழியைத்தான் பார்ப்பார். ஓட்டலோ கோயிலோ நண்பர் வீட்டுக் கொலுவோ, கதவுகளை எண்ணி முடித்த பிறகுதான் உட்காருவார். போன நவராத்திரியில் ஒரு வீட்டில் ஒரே ப்ளக்கில் மூன்று சரவிளக்குகள் சொருகியிருந்ததைப் பார்த்துவிட்டு, சுண்டல் வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, குனிந்து இரண்டைக் கழற்றினார். கொலுவில் பாதி இருட்டாகிவிட்டது. வீட்டுக்கார அம்மாள் சுண்டலை அவர் கையில் கொடுத்தாள். ஹூஸ்டன் புறநகரான சுகர் லேண்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

ஹூஸ்டன் பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்பு இன்ஜினீயர். ரிடயர் ஆகி இரண்டு வருஷமாகிறது. ஆலையை விட்டு வந்தாரே தவிர, ஆலை அவரை விட்டபாடில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "அதெல்லாம் சரி, வாட் இஃப்..." என்று ஆரம்பிப்பார். தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் வாட் இஃப் அங்கிள். அது தெரிந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. "வெச்சுக்கட்டுமே. ஒரு நாள் யூஸ் ஆகும்" என்றார்.

இப்படிப்பட்டவரின் ஒரே பெண் அஞ்சனா, வாள் வீச்சு கற்றுக்கொள்ளும் கிளப் ஒன்றில் தீபக்கைச் சந்தித்தாள். பக்கத்து ஊரான கேட்டியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான். முதல் நாளே அவள் அடித்த அடியில் அவன் கட்டைவிரல் வீங்கியது. ஐஸ் வாங்கிக் கொடுக்கப் போனவள் திரும்பி வரும்போது மனசைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு நடுவில் விஷயத்தை உடைத்தாள்.

"அப்பா, வெட்டிங் நீ சொல்ற மாதிரியே. தாலி, ஊஞ்சல், ஹோமம், எவ்ரிதிங். பட் தீம் மட்டும் மிடீவல்."

"மிடீவல்னா?"

"கேஸில், கேண்டில்ஸ், ஸ்வோர்ட்ஸ். தீபக் ஆர்மர் போட்டுண்டு வருவான்."

அவர் மனைவி ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. கஸ்தூரிரங்கன் இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

மறுநாள் காலைக்குள் நாற்பத்தோரு கேள்விகள் கொண்ட பட்டியல் தயாராகிவிட்டது. மெழுகுவர்த்திக்கும் வெல்வெட் கவுனுக்கும் எத்தனை அடி இடைவெளி? வைக்கோல் கட்டுகளில் விருந்தாளிகள் உட்கார்ந்தால் ஹோமப் பொறி எதுவரை பறக்கும்? தீபக் இரும்புக் கவசத்தோடு வந்து நின்றபோது, ஆகஸ்ட் வெயிலில் அவனைப் பின்கட்டுப் புல்வெளியில் பத்து நிமிஷம் நிற்க வைத்து, துப்பாக்கி மாதிரி இருந்த வெப்பமானியால் கவசத்தின் மார்பைக் குறிபார்த்தார். நூற்று முப்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

"அக்னி முன்னாடி ஒரு மணி நேரம் உட்காரணும். மாப்பிள்ளை வெந்துடுவார்."

"அங்கிள், நவம்பர்ல கூலா இருக்கும்."

"வாட் இஃப் இல்லேன்னா?"

தீபக் யோசித்தான். கவசம் வெள்ளிப் பூச்சு பூசிய ஃபோமுக்கு மாறியது. மெழுகுவர்த்திகள் கண்ணாடிக் குழலுக்குள் போயின. சமையல்காரர் கிட்டுசாமியிடம் அஞ்சனா அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலில் விளையாட்டாக 'ஜையண்ட் டிரம்ஸ்டிக்' என்று ஒரு வரி இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்கள் கையில் பிடித்துக் கடித்த கோழிக்காலுக்குப் பதிலாகக் காலிஃபிளவரில் ஏதாவது செய்வார் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ, "முருங்கைக்காய்தானேம்மா, முழ நீளத்துக்கு வெட்டிப் போட்டுடறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். கஸ்தூரிரங்கன் ஆட்சேபிக்காத ஒரே அயிட்டம் அதுதான்.

பட்டியலில் எழுதாத கேள்வி ஒன்று இருந்தது. காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை குடையும் விசிறியுமாக நடந்து போவதற்குப் பதில் குதிரைமேல் போவதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பா குறுக்கே போய்க் கடிவாளத்தைப் பிடித்து, 'சன்னியாசம் வேண்டாம், என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள்' என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வர வேண்டும். ஆறு வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு ஜட்கா வண்டிக் குதிரை கஸ்தூரிரங்கனின் தோளைக் கடித்துத் தூக்கிப் போட்டிருந்தது. டெக்சஸில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு குதிரையின் பக்கத்தில்கூட அவர் போனதில்லை. இது ஷ்யாமளாவுக்குத் தெரியும். அஞ்சனாவுக்குத் தெரியாது.

"ஏன்னா, உங்க தம்பியைக் கடிவாளத்தைப் பிடிக்கச் சொல்லலாமே" என்றாள் ஷ்யாமளா.

அவர் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்த அஞ்சனா, முப்பத்தெட்டாவது கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு அலுப்போடு சொன்னாள்: "அப்பா, நீ எல்லாத்தையும் ஸ்டாப் பண்ணிண்டே இருக்கே. அந்தக் குதிரையை ஸ்டாப் பண்றது ஒண்ணுதான் நிஜமாவே உன் வேலை. அதையாவது ஜாலியா பண்ணேன், ப்ளீஸ்."

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் காஸ்ட்கோ கடைக்குப் போவதாகச் சொல்லிக் காரை எடுத்தார். ஃப்ரீவேயில் நாற்பது நிமிஷம் தள்ளி, கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்திருந்த குதிரையின் லாயம். பழுப்பு நிறப் பெண் குதிரை, பெயர் பிஸ்கட். முதல் சனிக்கிழமை வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டாவதில் பத்தடி. லாயத்துக்காரப் பெண்மணி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்: பின்னால் போகாதே, நேரே ஓடாதே, பக்கவாட்டில் மெதுவாக வா, பேசிக்கொண்டே வா. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வாரம் தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு கழுத்தைத் தொட்டார். தொட்டுவிட்டுக் காருக்குள் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் ஷ்யாமளா அவர் சட்டையிலிருந்து ஒரு பழுப்பு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏன்னா, காஸ்ட்கோல இப்போ குதிரையும் விக்கறாளா?"

அடுத்த சனிக்கிழமை காரில் அவள் எடுத்து வைத்த ஒரு பை கேரட் இருந்தது.

ஹூஸ்டனுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரம் தள்ளி, யாரோ ஒரு பணக்காரர் ஆசைக்குக் கட்டிய கல் கோட்டையில் கல்யாணம். இருநூறு பேர் வந்திருந்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் மேலங்கி, வேட்டிக்கு மேல் வாள்பட்டை. கஸ்தூரிரங்கன் பஞ்சகச்சத்துக்கு மேல் கத்தரிப்பூ நிற வெல்வெட் அங்கியும் இறகு வைத்த தொப்பியும் போட்டிருந்தார். கோட்டைக்கு ஐந்து வாசல் என்று முன்பே எண்ணிவிட்டிருந்தார்.

தீபக் குதிரையேறிக் குடையை விரித்தான். ஒத்திகையில் எல்லாம் புல்லாங்குழல்தான் வாசித்தார்கள். கோயிலிலிருந்து வந்திருந்த நாதஸ்வரக்காரர் இப்போது எடுத்து ஊத, தவில் இடி மாதிரி விழுந்தது. பிஸ்கட் தவிலைக் கேட்டதே இல்லை. காதுகளைப் பின்னால் மடித்தது. ஒரு தரம் சுற்றியது. காசி எந்தத் திசையோ, அது குளத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. லாயத்துக்காரப் பெண்மணி ஃபோன்களை உயர்த்திப் படம் பிடிக்கிற கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். குடை பறந்தது. தீபக் பிடரியைக் கட்டிக்கொண்டான்.

"மேளத்தை நிறுத்துங்கோ!" ஆலைச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழகிய குரல் அது. தவில் பாதி அடியில் நின்றது. கஸ்தூரிரங்கன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, புல்வெளியைச் சுற்றிக் குளக்கரைக்கு ஓடினார். குதிரை தண்ணீரைக் கண்டு வேகம் தணிந்தபோது அவரும் நடைக்கு மாறினார். பக்கவாட்டில். மெதுவாக. பேசிக்கொண்டே. என்ன பேசுவது என்று தெரியாமல், மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததையே பேசினார்.

"காசிக்குப் போகாதேள். நான் சொல்றதைக் கேளுங்கோ. என் பொண்ணைத் தரேன். நன்னா பாத்துப்பா. ஆத்துக்கு வாங்கோ."

பிஸ்கட்டின் ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. கையுறை இல்லாத கையால் கடிவாளத்தைப் பிடித்தார்.

"அங்கிள்," தீபக்கின் குரல் மேலிருந்து மெலிசாக வந்தது, "என்கிட்டயா சொல்றீங்க, பிஸ்கட்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான். ஆடாம உக்காருங்கோ மாப்பிள்ளை."

இருநூறு பேரும் கை தட்டினார்கள். எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்றே இன்றுவரை பலர் நினைக்கிறார்கள்.

நீல வெல்வெட் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அஞ்சனா ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை. லாயத்துக்காரப் பெண்மணி வாங்கிக்கொள்ள வந்தும் அந்த விரல்கள் கடிவாள வாரை விடவில்லை.

"யூ வேர் ஸ்கேர்ட்" என்றாள் மெதுவாக. "அப்பா, எப்பலேர்ந்து?"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன். முகூர்த்தம் தப்பிடப் போறது."

அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். கஸ்தூரிரங்கன் குதிரையின் எச்சில் பட்ட உள்ளங்கையை வெல்வெட் அங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். பிறகு, ஒரு பழைய ஐரோப்பியப் பிரபுவைப் போல முழங்கையை மடக்கி, பெண் பிடித்துக்கொள்ளட்டும் என்று நீட்டினார்.