சனிக்கிழமை முட்டை

மேலூர் பஸ் நிலையத்தில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி ஒரு பேக்கரி. நாளை ஈஸ்டர். மதுரை நண்பன் வீட்டுக்கு ஈஸ்டர் முட்டை வாங்க இறங்கியவன், இருக்கும் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கிக் கடித்துப் பார்க்கிறேன். சீனி முட்டை பல்லில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. சாக்லேட் முட்டையில் மல்லிகை மணக்கிறது. ஃபிரிட்ஜில் அதற்குப் பக்கத்திலேயே, கடை வாசல் பூக்காரம்மா வாடாமலிருக்க வைத்த பூப்பந்து இருக்கிறது.

"எதுண்ணே நல்லாருக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"நான் தின்னதில்ல சார். சனிக்கிழமை முட்டை தொட மாட்டேன்."

"இதுல முட்டையே கிடையாதே?"

"பாத்தா முட்டையாத்தான இருக்கு."

"வேற கிழமையில தின்னுருக்கலாமே?"

"வருசத்துல இந்த ஒரு நாளுதான் போடுறேன். அது சனிக்கிழமையாவே வந்துருது. மறுநாளைக்கு மிஞ்சுறதும் இல்ல."

இன்னொரு சாக்லேட் முட்டையை வாங்கி, மேசையில் தட்டி உடைத்து, ஒரு சில்லை நீட்டுகிறேன். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முட்டைக்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை. வாயில் போடுகிறார். மெல்லுவது பாதியில் நிற்கிறது.

"பூ வாசம் அடிக்குதே. இம்புட்டு வருசமா ஒருத்தரும் சொல்லலையே" என்கிறார்.

ஃபிரிட்ஜிலிருந்து பூப்பந்தை எடுத்து, சீனி முட்டைத் தட்டின்மேல் வைக்கிறார்.